வாக்கிடாக்கியோடு கரடியூருக்கு

படகு சவாரிக்காக ஏற்காடு போகிறவர்கள் இந்தப் பதிவைத் தாண்டிவிடலாம். நான் போனது தொண்ணூறுகளின் நடுவில், ஒரு டிசம்பரில், கையில் ஒரு வாக்கிடாக்கியோடு.

அதை வடிவமைத்தவன் நான். சேலத்தில் நான் வேலைபார்த்த கம்பெனி அதை ஒரு வெளிநாட்டில் விற்க நினைத்தது. அந்த நாட்டு வயர்லெஸ் துறை சோதித்து அனுமதி தராமல் ஒரு செட் கூட உள்ளே போகாது. சோதனைக்கு அனுப்பிய மாதிரி செட் தோற்றுவிட்டது. தனக்குரிய அலைவரிசைக்கு வெளியிலும் அலை கசிகிறதாம். முதலாளி அசரவில்லை. "அனுமதி வாங்கின வேற கம்பெனி செட்டைப் பிரிச்சு, நம்ம பெட்டிக்குள்ள வெச்சு அனுப்பிரு. எவன் பாக்கறான்?" என்றார்.

என் செட் கசியாது, ஒரு வாரத்தில் நிரூபிக்கிறேன் என்றேன். சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

சேலத்துப் பட்டறைகளின் மின் இரைச்சலில், கசிவை அளக்கும் மீட்டரின் முள் ஓரிடத்தில் நிற்காது. அதனால்தான் மலை. முப்பது கிலோமீட்டர் சொச்சம், இருபது கொண்டை ஊசி வளைவுகள், பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்கு மேல். அங்கிருந்து கரடியூருக்கு ஜீப்.

"ரேடியோ இரைச்சலே இல்லாத இடமா வேணும்" என்றேன் டிரைவரிடம்.

"அதுக்கு ஏனுங்க கரடியூரு? எங்கூட்டுக்கு வாங்க. எங்கூட்டு ரேடியோ பேசி ஒரு வருசமாச்சுங்க."

கரடியூரிலும் முள் ஆடியது. காரணம், பக்கத்து எஸ்டேட்டில் காப்பிப் பழத்தின் தோலை உரிக்கும் மெஷின். அதைப் பார்த்துக்கொண்டிருந்த பிலோமினாவிடம் போய், மோட்டாரைக் கொஞ்சம் நிறுத்த முடியுமா என்று கேட்டேன்.

"இன்னைக்குப் பறிச்சதை இன்னைக்கே உரிக்கோணுங்க. இல்லாட்டி நொம்பப் புளிச்சுப் போயிரும். அப்புறம் உங்க ரேடியோவுல போட்டு உரிப்பீங்களா?" என்றார். சுற்றி நின்ற பெண்கள் சிரித்தார்கள். பிறகு அவரே, "சோத்து நேரத்துல நிறுத்துவோமுங்க. அதுக்குள்ள முடிச்சுக்கோங்க" என்றார்.

மோட்டார் நின்றது. இரைச்சல் அடங்கியது. கசிவு மட்டும் அடங்கவில்லை. வெளிநாட்டுக்காரன் சொன்னது உண்மை.

அதற்காக முதலாளியின் வழிக்கு நான் போவதாக இல்லை. கொண்டுபோயிருந்த சால்டரிங் அயர்னை மெஷின் கொட்டகையின் பிளக்கில் சொருகி, கசிவைத் தடுக்கச் செம்புக் கம்பியில் சின்னச் சுருள் சுற்றி, ஆன்டெனாவுக்கு முன்னால் வைத்துப் பற்றவைத்தேன். போதவில்லை. பிரித்து, இன்னும் இரண்டு சுற்று கூட்டினேன். பெண்கள் கை கழுவிக்கொண்டிருந்தபோது முள் வரம்புக்குக் கீழே இறங்கி நின்றது.

"ஏனுங்க, மோட்டாரைப் போடட்டுங்களா?" என்றார் பிலோமினா.

"போடுங்கம்மா."

சேலம் திரும்பியதும் முதலாளியிடம் சொன்னேன்: "இந்த செட்தான் போகும். வேறு எது போனாலும் அந்த நாட்டுத் துறைக்கு நானே எழுதுவேன்." என் செட் போனது. அனுமதியும் வந்தது. அடுத்த மாதமே என்னை வீட்டுக்கு அனுப்பினார்கள். போனேன், ஒரு வார்த்தை கெஞ்சவில்லை.

நீங்கள் போவதானால்: டிசம்பரில் ஸ்வெட்டர் வேண்டும். திரும்பும் பஸ்ஸை ஏற்காட்டிலேயே விசாரித்துக்கொண்டு கிளம்புங்கள். பழம் பறிக்கும் காலத்தில் எஸ்டேட்காரர்களை அவசரப்படுத்தாதீர்கள். வெளிநாட்டு அனுமதிக்குப் பொருள் அனுப்புகிறவர்கள், விற்கப்போவது எதுவோ அதையே அனுப்புங்கள். மேலே இருப்பவர் முறைப்பார். முறைக்கட்டும்.