நாலு மாட்டு வீட்டில் பால் பவுடர்

எனக்குக் கோர்வையாக எழுத வராது, மறதியும் உண்டு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் நாய் நான்கு குட்டிகளைப் போட்டுவிட்டுச் செத்துப்போனது. கண் திறக்காத குட்டிகளுக்கு எங்கள் மாட்டுப்பாலையே பாட்டிலில் கொடுத்தேன். கழிச்சல் கண்டு ஒன்று இறந்தது. நாய்க்குட்டிக்கென்றே பவுடர் இருக்கிறது, மற்றதையாவது காப்பாற்றுங்கள் என்றார் மாட்டு டாக்டர்.

நாலு மாடு வைத்துச் சொசைட்டிக்குப் பால் ஊற்றும் என் வீட்டுக்காரருக்கு முகம் கறுத்துவிட்டது. "ஊரே குடிக்கிற பாலு, நாய்க்கு ஆகாதாமா?"

ஆனாலும் உடுமலைப்பேட்டைக்குப் போய் டப்பா வாங்கி, துண்டில் சுற்றிக்கொண்டு வந்தார். பஸ்ஸில் சொசைட்டிக்காரர், "துண்டுக்குள்ள என்னங்க?" என்று கேட்க, "பால் பவுடருங்க, பேத்திக்கு" என்று சொல்லிவிட்டார்.

மறுநாளே சொசைட்டிக்காரர் மனைவி சின்னக் கவுனோடு வந்துவிட்டார். "ஏனுங்க்கா, கொழந்த எங்கீங்க?"

மடியில் குப்புறக் கிடந்து பால் குடித்த குட்டியைக் காட்டினேன்.

"அப்படியே அண்ணன் சாடைங்க்கா!" என்றார்.

மூன்றும் பிழைத்தன. கவுன்மேல்தான் படுக்கின்றன. எத்தனை கரண்டிப் பவுடருக்கு எவ்வளவு வெந்நீர் என்பது மறந்துவிட்டது. யாராவது டாக்டரிடம் கேட்டுச் சரிபாருங்கள். என் வீட்டுக்காரரிடம் மட்டும் கேட்காதீர்கள்.