குப்பைத்தொட்டி பார்க்கும் வேட்பாளர்

அவள் எனக்குத் தர வேண்டியது மூவாயிரம். வார்டு கவுன்சிலர் தேர்தலுக்கு டெபாசிட் கட்ட வாங்கிய கடன். நான் நீட்டிய நோட்டுக் கட்டிலிருந்து ரப்பர் பேண்டைக் கழற்றித் தன் மணிக்கட்டில் மாட்டிக்கொண்ட பிறகுதான் பணத்தையே தொட்டாள். தெருவில் கிடக்கும் ரப்பர் பேண்டு ஒன்றையும் விடமாட்டாள். வளையல் போடும் இடமெல்லாம் அவைதான்.

நான் பேனர் அடிப்பவன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கு முழுக்குப் போட்டு, பசை வாளி தூக்கி, இன்று சொந்தமாக இரண்டு மெஷின் வைத்திருக்கிறேன். என் கை படாமல் இந்த ஊரில் எவனும் தலைவன் ஆனதில்லை. அவள் பன்னிரண்டு வருஷமாக என் பட்டறையில் பேனருக்கு ஓரம் தைக்கிறவள். அவளுடைய வாக்குறுதி என்ன தெரியுமா? வாய்க்காலைத் தூர்வாருவது, வாசலிலேயே குப்பையைப் பிரித்து வாங்குவது, வார்டில் பிளாஸ்டிக் பேனருக்குத் தடை!

"என் சோத்துல மண்ணைப் போட என்கிட்டயே கடனா?" என்றேன்.

"மண்ணு பரவாயில்லண்ணே, உங்க பேனர்தான் மக்கவே மாட்டேங்குது. போன மழையில வீட்டுக்குள்ள தண்ணி. முழங்கால் தண்ணியில நின்னு வாய்க்கால் அடைப்பை இழுத்தேன். வந்தது நம்ம பேனர். என் தையல் எனக்குத் தெரியாதா?"

வாயில் குண்டூசியைக் கவ்விக்கொண்டே சொன்னாள். பணப்பெட்டியைத் திறந்தேன்.

ஓட்டு கேட்கப் போன மற்ற இரண்டு வேட்பாளர்களும் வீடுகளின் முன்வாசலில் கும்பிட்டார்கள். இவள் பின்வாசலுக்குப் போய்க் குப்பைத்தொட்டியைத் திறந்தாள்.

"என்னக்கா, சோத்தையும் பாட்டிலையும் ஒரே பையில கட்டியிருக்கீங்க?"

"ஓட்டு கேக்க வந்தியா, வேவு பாக்க வந்தியா?"

"ஓட்டு போடாட்டிப் போங்க. இதைப் பிரிச்சுப் போடுங்க."

சொன்னதோடு விடமாட்டாள். தரையில் உட்கார்ந்து தானே பிரித்துக் காட்டுவாள். நடுவில் ஒரு மருந்து பாட்டில் வந்தால், "சின்னவளுக்குக் காய்ச்சல் விட்டுச்சா?" என்று கேட்பாள்.

நான் தலையில் அடித்துக்கொண்டேன். ஆறில் ஒரு பங்கு ஓட்டு வாங்காவிட்டால் டெபாசிட் போய்விடும். "தையல் மெஷினை வித்துத்தான் கடனை அடைக்கணும்" என்று அவள் கணவர் இப்போதே புலம்பிக்கொண்டிருந்தார்.

பதிவானது ஆயிரத்து இருநூறு ஓட்டு. டெபாசிட் தப்ப அவளுக்கு இருநூறுக்கு மேல் வேண்டும். எண்ணும் இடத்து வாசலில் நானும் நின்றேன். "இருநூற்றுப் பதினொன்று" என்று மைக்கில் சொன்னார்கள். மூவரில் கடைசி. ஆனால் தெருப் பெண்கள் சூழ்ந்துகொண்டது இவளைத்தான்.

"தோத்ததுக்கா இவ்வளவு சிரிப்பு?"

"இருநூத்திப் பதினோரு பேர் என் பேச்சைக் கேட்டிருக்காங்கண்ணே! வீட்ல இருக்கிறது நாலு பேர், ஒருத்தரும் கேக்கறதில்ல."

டெபாசிட் திரும்பக் கிடைத்த அன்று நேரே பட்டறைக்கு வந்தாள். நான் பருத்தித் துணியில் அச்சடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். சும்மா, ஒரு சோதனைக்கு. அவள் துணியை விரலால் நெருடிப் பார்த்தாள்.

"ஓரம் மடிச்சுத் தைக்கணும்ண்ணே."

"அதுக்குத்தானே நீ இருக்கே."

"சரி, கையை நீட்டுங்க."

நோட்டுக் கட்டிலிருந்த ரப்பர் பேண்டை உருவி மணிக்கட்டில் ஏற்றிக்கொண்டு, விரித்த என் உள்ளங்கையில் ஒவ்வொரு நூறு ரூபாய் நோட்டாக, முப்பதையும் எண்ணி வைத்தாள்.