காணாமல் போகாத பியானோக்காரி

பல் மருத்துவமனையில் டோக்கன் கொடுக்கும் அக்காவுக்குக் கோபம் வந்து யாரும் பார்த்ததில்லை. கன்னம் வீங்கி வருகிறவர்கள் சும்மாவே எரிந்து விழுவார்கள். "அவரை மட்டும் எப்படி முன்னாடி விட்டீங்க?" என்று சண்டைக்கு நிற்பார்கள். அக்கா எல்லாருக்கும் ஒரே முகத்தோடு நாற்காலியைக் காட்டுவார். அந்த முகம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் மாறியது.

கடைவாய்ப் பல்லைப் பிடுங்க வந்த ஒருவர் கையில் பெரிய இசைத்தட்டு ஒன்று இருந்தது. பளபளப்பான புது அட்டையில் மூன்று இளம் முகங்கள்: சாக்ஸபோனோடு ஒருவர், டிரம்ஸுக்குப் பின்னால் ஒருவர், பியானோ முன்னால் குட்டை முடி வைத்த ஒரு பெண். அக்கா எழுந்தே விட்டார்.

"இது எங்கே கிடைச்சது?"

"கடையிலதான். பழைய ஜாஸ் ரெக்கார்டு. அந்தக் காலத்துல யாரும் சீண்டல, இப்போ மறுபடி போட்டிருக்காங்க. கேட்டா உருகிடுவீங்க." பல்வலியை மறந்து அவர் உற்சாகமாகிவிட்டார். "இந்தப் பொண்ணு கதைதான் பாவம். ரெக்கார்டு போனியாகலைன்னு மனசு உடைஞ்சு காணாமப் போயிட்டாங்க. எங்கேயோ அனாதையா செத்துட்டாங்களாம்."

"யார் சொன்னது?"

"பின் அட்டையில போட்டிருக்கே."

திருப்பிப் பார்த்தார். போட்டுத்தான் இருந்தது. அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "அடுத்தது நீங்கதான், உள்ளே போங்க" என்றார். அதன் பிறகு அவர் கூப்பிட்ட எண் ஒன்றுகூட வரிசைப்படி இல்லை.

அந்தப் பெண் அக்காவேதான். இருபத்து மூன்று வயதில் ஹோட்டல் விருந்துகளில் வாசிக்கும் நால்வர் குழுவில் இருந்தார். ஒரு மதியத்துக்கு மட்டும் வாடகைக்கு எடுத்த ஒலிப்பதிவு அறை மூன்றாம் மாடியில். லிப்ட் ஓடவில்லை. ஆளைவிட உயரமான பாஸ் என்ற தந்தி வாத்தியத்தோடு வந்த நான்காமவர் மாடிப்படியை நிமிர்ந்து பார்த்தார், வாத்தியத்தைப் பார்த்தார், "நீங்களே பார்த்துக்குங்க" என்று வீட்டுக்குப் போய்விட்டார். அவர் வாசிக்க வேண்டிய கீழ்ச் சுரங்களையெல்லாம் அக்கா பியானோவில் இடது கையால் வாசித்தார். ஆல்பத்துக்கு 'மூன்றாம் மாடி' என்றே பெயர் வைத்தார்கள். பத்திரிகையில் ஒரு விமர்சகர், 'பியானோ தயங்கித் தயங்கி நடக்கிறது' என்று எழுதினார். அத்தோடு முடிந்தது. தட்டுகள் கிடங்கில் தூசி படிந்து கிடந்தன.

அக்கா ஒரு வாரம் அழுதார். பிறகு அந்தக் கட்டடத்தில் மறந்து வைத்த குடையை எடுக்கப் போனவர், லிப்டைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்த மெக்கானிக்கிடம், "அன்னைக்கே வந்திருக்கக் கூடாதா?" என்று சண்டை பிடித்தார். அந்தச் சண்டை கல்யாணத்தில் முடிந்தது. மகள் பிறந்தாள். மருத்துவமனை வேலை வந்தது. வீட்டு ஹாலில் கீபோர்டு ஒன்று எப்போதும் இருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் சுவரைத் தட்டும்வரை அக்கா வாசிப்பார்.

விஷயம் கேள்விப்பட்ட மகள் அந்தச் செவ்வாய்க்கிழமை சாயங்காலமே தட்டை வாங்கி வந்துவிட்டாள். அப்பா பரணிலிருந்து பிளேயரை இறக்கித் துடைத்தார். அக்காவிடம் இருந்த ஒரே பிரதியை யாரோ இரவல் வாங்கிப்போய் ரொம்ப வருடமாகிறது. அதனால் தன் வாசிப்பையே யாரோ வாசிப்பதைப் போலக் கேட்டார். இரண்டாம் பக்கத்தில் மெதுவான பாட்டு ஒன்று. சாக்ஸபோன் பாதியில் மூச்சு வாங்க நிற்கிறது. டிரம்ஸ்காரர் பிரஷ்ஷால் டிரம்மின் தோலைத் தடவிக்கொண்டு மட்டும் இருக்கிறார். அப்போது அந்த இடது கை, ஈரத் தரையில் கால் வைப்பதுபோல ஒவ்வொரு சுரமாக வைத்து, வழுக்காமல் அக்கரைக்குப் போய்விடுகிறது.

"நல்லாத்தான் வாசிச்சிருக்கேன்" என்றார் அக்கா. கண் கலங்கியிருந்தது.

மகள் பின் அட்டையைப் படித்தாள். "'பாஸைத் துறந்த துணிச்சல்'னு எழுதியிருக்காங்கம்மா."

"துறந்தோமா? லிப்ட் ஓடலைடீ!"

"'மௌனங்களை இசையாக்கிய மேதை'."

"அன்னைக்குத் தயக்கம், இன்னைக்கு மௌனமா? வாசிச்சது அதே கைதானே! மேதைன்னு சொல்றதுக்கு ஆளு செத்திருக்கணுமா?"

டிரம்ஸ்காரருக்குப் போன் போட்டார். சாக்ஸபோன்காரர் இறந்த பிறகு, தட்டில் வாசித்தவர்களில் மிஞ்சியது இவர்கள் இருவர்தான். வருடத்துக்கு ஒரு முறை தவறாமல் பேசிக்கொள்வார்கள்; இந்த வருடம் இன்னும் பேசவில்லை.

"நான் சொன்னேனே!" என்று அவர் கத்தியது ஹால் முழுக்கக் கேட்டது. "இந்த அட்டைக்கு எழுதறேன்னு பேட்டிக்கு வந்தவன்கிட்ட, பல் ஆஸ்பத்திரியில இருக்கா, சௌக்கியமா இருக்கான்னு சொன்னேன். அவன் மூஞ்சி சப்புன்னு போயிடுச்சு!"

தெரியாமல் எழுதினால் ஒரு மாதிரி. தெரிந்தே எழுதினால்? மறுநாள் அக்கா லீவு போட்டார்.

டயர் கடைக்கு மேலே சின்ன அலுவலகம். தட்டை மறுபடி வெளியிட்ட முதலாளியும், அட்டைக் குறிப்பை எழுதியவரும் இருந்தார்கள். அக்கா தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டதும் முதலாளி எழுந்து நின்று கும்பிட்டார். எழுதியவர் மட்டும் ஜன்னலைப் பார்த்தார்.

"நாங்க எங்கெல்லாமோ தேடினோம்மா."

"டிரம்ஸ்காரர் அட்ரஸே சொல்லியிருக்காரே."

"அது…" எழுதியவர் தொண்டையைச் செருமினார். "கேக்கறவங்க மனசுல நிக்கணும்ல மேடம். ஒரு மர்மம் இருந்தா…"

"என்னய்யா மர்மம்? வேலைக்குப் போனேன், புள்ளை பெத்தேன், கடன் வாங்கி வீடு கட்டினேன். வாழ்ந்ததுக்குப் பேரு காணாமப் போறதா? உங்களுக்குத் தேடத் துப்பில்லைன்னா நான் செத்துடணுமா?"

முதலாளி சமாதானத்துக்கு வந்தார். பெரிய விழா எடுப்பதாகவும், 'மீண்டு வந்த மேதை' என்று போஸ்டர் அடிப்பதாகவும் சொன்னார்.

"மீண்டு வர நான் எங்கே போனேன்? முதல்ல அட்டையை மாத்துங்க."

"விழாவுல நீங்களே மேடையேறிச் சொல்லிட்டா…"

"மாத்துங்க."

கதவோரம் இருந்த ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். எத்தனையோ வருடம் மற்றவர்களைக் காக்கவைத்தவருக்கு, காத்திருப்பது பெரிய காரியமில்லை. முதலாளி இரண்டு முறை காபி வேண்டுமா என்று கேட்டார். மதியத்துக்கு மேல், அடுத்த பதிப்பில் மாற்றுவதாக எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

திருத்திய குறிப்பு பார்வைக்கு வந்தது. சாவு போயிருந்தது, 'எளிமையான வாழ்க்கைக்குள் ஒதுங்கிக்கொண்டார்' என்று புதிதாக ஒன்று முளைத்திருந்தது. "பல்வலிக்காரங்க நடுவுல ஒரு நாள் உட்காரச் சொல்லு அவனை, எளிமை தெரியும்" என்று மகளிடம் சொல்லிவிட்டு அதையும் அடித்து அனுப்பினார்.

கடைசியில் அச்சானது இதுதான்: 'பியானோ வாசித்தவர் பல் மருத்துவமனையில் வேலை பார்க்கிறார். இப்போதும் வாசிக்கிறார்.' அந்தப் பதிப்பும் மளமளவென்று விற்றுப்போனது. மர்மம் இல்லை என்று எவரும் தட்டைத் திருப்பிக் கொடுக்கவில்லை. ஆனால் இணையத்தில் அக்கா இன்னமும் செத்துத்தான் கிடக்கிறார். எழுதியவர் அங்கே மாற்ற மறந்துவிட்டாராம்.

"மறந்துட்டாராம்!" என்று அக்கா சொல்லும்போதெல்லாம் வீட்டுக்காரர் சத்தம் போடாமல் எழுந்து போய் இரண்டாம் பக்கத்தை வைப்பார். அந்த மெதுவான பாட்டு முடியும்வரை அக்கா யாரையும் திட்டுவதில்லை. முடிந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடங்குவார்.