சத்தம் வராத சுரங்கம்

தடித்த வட்டக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அக்காவின் முகம் தெரிந்தது. உள்ளே இருந்த மற்றவர்கள் எச்சில் விழுங்கிக்கொண்டும் வாயைப் பிளந்து கொட்டாவி விட்டுக்கொண்டும் இருந்தார்கள். அவர் மட்டும் தோள்களைக் குறுக்கி அசையாமல் இருந்தார். கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. கைப்பிடியிலிருந்த சிவப்புப் பொத்தானை அவர் தொடவே இல்லை.

இரண்டாயிரங்களின் நடுப்பகுதியில், மொன்றியலில் நான் படித்துக்கொண்டிருந்தபோது நடந்தது இது. திருச்சியிலிருந்து போன எனக்கு அஹுன்ட்சிக் பகுதியில் தன் வீட்டின் கீழ்த்தளத்தை வாடகைக்குக் கொடுத்தவர் அவர். யாழ்ப்பாணத்துக்காரர், ஐம்பதைத் தாண்டியவர். பக்கத்துத் தெருவில் கார்டெரி எனப்படும் குழந்தைகள் காப்பகத்தில் சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. டவுன்டவுனில் இருந்த எங்கள் ஆய்வுக்கூடத்தில், வேறொரு நாட்டில் அதிவேக ரயிலுக்காகத் தோண்டவிருந்த நீண்ட சுரங்கம் ஒன்றைப் பற்றிய ஆய்வு நடந்தது. அவ்வளவு வேகத்தில் ரயில் சுரங்கத்துக்குள் பாயும்போது பெட்டிக்குள் காற்றழுத்தம் சட்டென்று மாறும், காது அடைத்துக்கொள்ளும். மனிதர்கள் எதுவரை தாங்குவார்கள் என்று தெரிந்தால்தான் சுரங்கத்தை எவ்வளவு அகலமாகத் தோண்டுவது என்று சொல்ல முடியும். அதற்காக ஓர் இரும்பு அறைக்குள் ரயில் இருக்கைகளைப் போட்டு, அழுத்தத்தை ஏற்றி இறக்கிப் பார்த்தோம். உள்ளே உட்கார அக்கா வயதுப் பெண்கள்தான் கிடைக்கவில்லை. நான் புலம்பியதைக் கேட்டு, "நான் வாறன் பிள்ளை. சும்மா இருக்கிறதுதானே" என்றார்.

பாதியில் நிறுத்தினால் எல்லாருடைய பதிவும் வீணாகும். பேராசிரியர் கோபக்காரர், என் உதவித்தொகை அவர் கையில் இருந்தது. ஆனாலும் அந்தக் கண்ணீரைப் பார்த்த பிறகு என்னால் முடியவில்லை. நிறுத்தும் விசையை இழுத்துவிட்டேன். அழுத்தம் சமமாகும்வரை கதவு திறக்காது. காற்று சீறி வெளியேறுவதைக் கேட்டபடி, அவருக்குச் செவிப்பறை கிழிந்திருக்குமோ, அவர் வீட்டாருக்கு என்ன பதில் சொல்வேன் என்று கதவுப் பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"அக்கா, காது வலிக்குதா? ஏன் பொத்தானை அழுத்தல?"

"நொந்தால் அமத்தச் சொன்னனீர். நோகேல்லையே" என்றார். பிறகு மெதுவாக, "செல் விழேக்கை காது இப்பிடித்தான் அடைக்கும். இப்ப சத்தம் வரும், இப்ப வரும் எண்டு பாத்துக்கொண்டிருந்தன்" என்றார். போரில் வந்து விழும் எறிகணையைத்தான் அவர் செல் என்பார்.

அதற்குள் பேராசிரியர் வந்துவிட்டார். நான் தட்டுத் தடுமாறி விளக்கினேன். அவர் கத்தவில்லை. அக்காவிடம் மன்னிப்புக் கேட்டு, வீட்டுக்குப் போகலாம் என்றார். அப்போதுதான் அக்கா, கார்டெரியில் பழகிய பிரெஞ்சில், தெளிவாக மறுத்தார். என் பக்கம் திரும்பி, "எனக்கு இன்னொருக்கா இருக்க வேணும் பிள்ளை. கடைசி மட்டும்" என்றார்.

பேராசிரியர் வெகுநேரம் தயங்கினார். ஆய்வுக்கு முன் எல்லாருடைய காதையும் பார்த்திருந்த மருத்துவர் மறுபடியும் அவர் காதுகளைச் சோதித்து ஒன்றுமில்லை என்ற பிறகே, நானும் பக்கத்தில் உட்கார வேண்டும் என்ற நிபந்தனையோடு சம்மதித்தார். (அடுத்த வாரம் முதல், 'வலித்தால் அழுத்தவும்' என்றிருந்த அறிவிப்பை 'எந்தக் காரணத்துக்காகவும் அழுத்தலாம்' என்று மாற்றினார்.)

மற்றவர்களும் மறுபடி வந்து உட்கார, கதவு மூடியது. சற்று நேரத்தில் காதுக்குள் யாரோ பஞ்சை அடைத்தது போல எல்லாம் மங்கியது. அக்கா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். அவர் உதடுகள் செபம் சொல்லிக்கொண்டிருந்தன. எனக்கு எதுவும் கேட்கவில்லை. எத்தனையோ முறை கணக்குப் போட்டுப் பார்த்திருந்த அழுத்தம்தான். ஆனால் அன்று நானும் பல்லைக் கடித்துக்கொண்டு ஏதோ ஒரு சத்தத்துக்காகக் காத்திருந்தேன். அவர் நகம் என் தோலில் இறங்கியது. சட்டென்று காது திறந்தது. விசிறியின் மெல்லிய இரைச்சல் கேட்டது.

"முடிஞ்சுதோ?"

"முடிஞ்சிடுச்சு அக்கா."

"அவ்வளவுதானோ?"

"அவ்வளவுதான்."

மற்றவர்கள் எழுந்து போன பிறகும் அவர் எழவில்லை. நானும் எழவில்லை.

அதனால் அவர் மாறிவிட்டார் என்று சொல்ல மாட்டேன். கோடையில் ஆற்றுப் பக்கம் வாணம் வெடித்தால் அப்போதும் கீழ்த்தளத்துக்கு இறங்கி வந்துவிடுவார். ஆனால் அன்று மெட்ரோவுக்கு நடந்து போகும்போது, அதுவரை என்னிடம் பேசாத ஒன்றைப் பேசினார். அவருக்கு ஒரு தங்கை இருந்திருக்கிறாள். இருவரும் சமையலறையில் நின்று கதைத்துக்கொண்டிருந்தபோது செல் விழுந்திருக்கிறது.

"காது அடைச்சுது. திறக்கேக்கை அவள் இல்லை" என்றார். பிறகு நகம் பதிந்திருந்த என் மணிக்கட்டை எடுத்துப் பார்த்து, கட்டைவிரலால் மெல்லத் தடவினார்.

"இண்டைக்குத் திறக்கேக்கை நீர் பக்கத்திலை இருந்தனீர், என்ன?"