ஜோடி இல்லாதவர் கயிற்றடியில் நிற்கவும்

அந்த ஆரஞ்சு நிறக் கோட்டின் பக்கத் தையலைப் பிரித்தபோதுதான், அக்கா எவ்வளவு நெருக்கமாகத் தைத்திருந்தார் என்பது தெரிந்தது. கையில்லாத கோட்டு. புகையில் ஆள் தெரிவதற்காக முதுகில் வெள்ளிப் பட்டை. எங்கள் தன்னார்வத் தீயணைப்புப் படைக்கு வந்து சேர்ந்தவை எல்லாமே ஆண்களின் அளவு. படையில் எல்லோரும் அக்கா என்று கூப்பிட்ட அந்த ஒல்லி உடம்புக்காரர் தன்னுடையதை இரு பக்கமும் பிடித்துத் தைத்துக்கொண்டார். அவர் விலகிய பிறகு அது வேறு யாருக்கும் சேரவில்லை. என் ஸ்கூட்டர் பெட்டியிலேயே கிடந்தது.

தியாகராய நகரில் துணிக்கடைகள் நெருக்கியடிக்கும் ஒரு சந்து அது. தீயணைப்பு வண்டி வளைந்து உள்ளே வருவதற்குள் சின்ன நெருப்பு பெரிதாகிவிடும். அதனால் கடை ஊழியர்களைக் கொண்டே ஒரு துணைப்படை அமைக்கலாம் என்று சந்தின் வணிகர் சங்கம் நினைத்தது. தீயணைப்பு நிலைய அதிகாரி பயிற்சி தர ஒப்புக்கொண்டார். கட்டடங்களுக்குத் தீத்தடுப்புக் குழாய்களை வடிவமைப்பது என் வேலை. அலுவலகம் பெருங்குடியில். ஒரு கடையைப் பார்வையிட வந்த என்னையே விதிகளையும் எழுதித் தரச் சொன்னார்கள். எழுதிக் கொடுத்துவிட்டு நானும் அதில் சேர்ந்தேன். மயிலாப்பூரில் நான் தனியாக இருந்த வீட்டில் ஞாயிற்றுக்கிழமைக் காலைகள் மிக நீளமானவை. காரணம் அவ்வளவுதான்.

புடவைக் கடையொன்றில் விற்பனையாளரான அக்காவுக்குச் சொந்த இடம் பட்டினப்பாக்கம். முதல் கூட்டத்தில் அவருடைய முதலாளியே, "தீப்பிடிச்சா வண்டி வரப்போவுது, இதுல நீங்க என்னத்தப் பண்ணப் போறீய?" என்று கேட்டார். அக்கா உட்கார்ந்த இடத்திலிருந்தே, "வண்டி வரும் மொதலாளி. நம்ம கட வாசல்ல நைட்டி தொங்கினுகீதே, அத்த தாண்டி எப்டி வரும்?" என்றார். முதலாளி உட்பட எல்லோரும் சிரித்தார்கள். மறுநாள் நைட்டிகள் உள்ளே போயின.

விதிகளை நான் நான்கு தலைப்புகளில் பிரித்திருந்தேன்: மின்சாரம், படிக்கட்டு, பாதை, ஆட்கள். நான்காவதில்தான் ஜோடி விதி. புகை உள்ள கட்டடத்துக்குள் யாரும் ஒற்றையாகப் போகக்கூடாது. போனவர் படையிலிருந்து விலக வேண்டும், காரணம் எதுவானாலும். ஜோடி வராத நாளில் சந்து முனையில் கட்டிய கயிற்றடியில் நின்று வண்டிகளைத் திருப்பிவிட வேண்டும். உள்ளே இருக்கும்போது ஒருவர் பெயரை மற்றவர் விடாமல் கூப்பிட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

படையில் பெண்கள் நாங்கள் இருவர்தான், அதனால் ஜோடியானோம். கூப்பிடும் முறை அக்காவுக்குப் பிடிக்கவில்லை. "பேரு எதுக்குமா? ஆளு கீதா இல்லியான்னு தெரிஞ்சா போதாதா?" என்றார். அன்றிலிருந்து ஒத்திகைப் புகைக்குள் அவர் "கீறியா?" என்பார், நான் "கீறேன்" என்பேன். முதலில் கூச்சமாக இருந்தது. பிறகு வாரம் முழுக்க அதற்காகக் காத்திருந்தேன். இருக்கிறாயா என்று என்னிடம் கேட்க அப்போது வேறு யாரும் இல்லை.

ஆடித் தள்ளுபடி நாட்களில் ஒரு மதியம், பக்கத்துக் கடையின் மாடிக் கிடங்கில் பிளாஸ்டிக் உறைகள் தீப்பற்றின. நான் பெருங்குடியில் இருந்தேன். மற்ற ஜோடிகள் மின்சாரத்தைத் துண்டிக்கவும் கூட்டத்தை விலக்கவும் ஓடியிருந்தார்கள். பொட்டலம் கட்டும் பெண்கள் இருவர் மாடியில் மாட்டிக்கொண்டது தெரிந்ததும், அக்கா தனியாக ஏறிப்போய் இருவரையும் கைப்பிடித்து இறக்கிவிட்டார். யாருக்கும் காயமில்லை. சங்கம் அவருக்குச் சால்வை போர்த்தியது.

அடுத்த ஞாயிறு சங்கத்தின் மாடியில் கூடினோம். இந்த ஒரு முறை விட்டுவிடலாம் என்றார்கள் பலர். விதியைப் படிக்க வேண்டியவள் நான். விட்டால், அடுத்த முறை தனியாக ஓடுகிறவருக்கு அதுவே துணிச்சலாகும் என்று எனக்குத் தெரியும். அப்படி ஓடுகிறவர் இறங்கி வராமல் போகலாம் என்பதும் தெரியும். இருந்தும் தாளைப் பிரிக்காமல் கையிலேயே வைத்திருந்தேன்.

அக்காவே எழுந்தார். கோட்டைக் கழற்றி, கடையில் புடவை மடிப்பதுபோல் மடித்து என் கையில் வைத்தார்.

"உள்ள போனதும் பழக்கத்துல கீறியான்னு கேட்டேம்மா. பதிலே இல்ல. அப்பதான் பயமா பூட்ச்சு. நீ எழுதுனது சரிதான். எனக்கோசரம் மாத்தாத."

மாற்றவில்லை. இன்றும் அந்த விதியைச் சரி என்றே நினைக்கிறேன். சரியானதைச் செய்தவர்களுக்கு ஆறுதல் சொல்ல யாருக்கும் தோன்றுவதில்லை என்பதை அதன் பிறகு தெரிந்துகொண்டேன். எங்களுக்குள் மனத்தாங்கல் எதுவும் இல்லை. சில மாதங்களில் அவருக்குக் கே.கே. நகர்ப் பக்கம் வேறு கடையில் வேலை கிடைத்தது. பண்டிகைக்குப் பண்டிகை வாழ்த்து அனுப்பிக்கொண்டோம். பிறகு அதுவும் நின்றது. எங்களைச் சேர்த்து வைத்திருந்தது அந்த ஜோடி விதி ஒன்றுதான். எங்களைப் பிரித்ததும் அதுவே.

ஜோடி இல்லாததால் நான் கயிற்றடிக்கு வந்தேன். அங்கே நிற்பவருக்கு ஒத்திகையின் சத்தம் மட்டும் கேட்கும். உள்ளே ஒருவரையொருவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். நான் ஆட்டோக்களைத் திருப்பிவிட்டுக்கொண்டிருப்பேன்.

இப்போது திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்து கடை விடுதியில் தங்கியிருக்கும் ஒரு பெண் படையில் சேர்ந்திருக்கிறாள். வாட்டசாட்டமான பெண். அவளுக்காகத்தான் தையலைப் பிரித்தேன். நூல் போய்விட்டது, ஊசித் துளைகள் மட்டும் இரு பக்கமும் வரிசையாக நின்றன.

போன ஞாயிறு, நெடுநாள் கழித்து ஒத்திகைப் புகைக்குள் போனேன். அவளுடைய வெள்ளிப் பட்டை முன்னால் போய் மறைந்தது. சற்றுப் பொறுத்துக் குரல் வந்தது.

"எக்கா, இருக்கியளா?"

"கீறேன்" என்றேன்.

பதிலில்லை. அவளுக்கு விளங்கவில்லை போலும். கொஞ்சம் பயந்த குரலில் மறுபடியும் கேட்டாள்.

"இருக்கேன்" என்றேன்.