விலக்குக் குண்டானில் சோப்பு

கடைச் சோப்பில் மாட்டுக் கொழுப்பு சேர்க்கிறார்கள் என்று உபன்யாசம் கேட்கப் போன இடத்தில் யாரோ என் மாமியாரிடம் சொல்லிவிட்டார்கள். பிடித்தது சனியன். வீட்டுக்கு வந்தவர் குளியலறையில் இருந்த சோப்பை இரண்டு குச்சிகளால் இடுக்கி, செத்த எலியைத் தூக்குவதுபோலத் தூக்கிப்போய்ச் சாக்கடையில் போட்டார். அடுத்த நான்கு மாதம் குடும்பமே பயத்தமாவு தேய்த்துக் குளித்தது. கேட்க நன்றாகத்தான் இருக்கும். காஞ்சிபுரத்துச் சித்திரை வெயிலில் அந்த மாவு காதுக்குப் பின்னால் காய்ந்து, வியர்வையில் மறுபடி ஊறி, மத்தியானத்துக்குள் புளித்துப்போகும். துண்டுகளிலெல்லாம் ஊசிப்போன சுண்டல் வாடை. பரிமாறக் குனியும்போது சொந்தக் கணவரின் கழுத்திலிருந்து வரும் நாற்றத்தில் எனக்குக் குமட்டும்.

தொண்ணூறுகளின் கடைசி. தெருத்தெருவாக மகளிர் குழுக்கள் முளைத்திருந்த சமயம். அதில் ஒரு குழு மூன்று நாள் சோப்புப் பயிற்சி வைத்தது. தேங்காயெண்ணெயில் செய்வது, கொழுப்பே கிடையாது என்றதும் மாமியாரே என்னை அனுப்பிவைத்தார். சொல்லிக்கொடுத்த அம்மாள் ஐயம்பேட்டையிலிருந்து வருவார், கண்டிப்பான மனுஷி. முதல் நாள் முழுவதும் எண்ணெயைத் தொடவே இல்லை, பாத்திரத்தைப் பற்றியே பேசினார்.

"காஸ்டிக் சோடாவுக்கு எவர்சில்வர் வெச்சிக்கோங்க, இல்லன்னா கெட்டியான பிளாஸ்டிக் பக்கெட்டு. அலுமினியம் மட்டும் ஆவவே ஆவாதும்மா. பாத்திரத்தையே தின்னுடும். பொங்கி மூஞ்சிக்கு வரும். தண்ணியிலதான் சோடாவ கொஞ்சம் கொஞ்சமா போடணும், சோடா மேல தண்ணி ஊத்தக் கூடாது. கண்ணுல பட்டுச்சின்னா கால் மணி நேரம் விடாம தண்ணி ஊத்திக்கினே இருங்க. சோப்புக்கு எடுத்த பாத்திரத்துல அப்புறம் சமைக்காதீங்க."

எல்லாவற்றையும் எழுதிக்கொண்டேன்.

மளிகைக் கடையில் காஸ்டிக் சோடா கேட்டபோது கடைக்காரர், "கக்கூஸ் அடைச்சிக்கிச்சா மாமி?" என்று தெருவுக்கே கேட்கும்படி விசாரித்துத் தொலைத்தார். கூட வந்திருந்த மாமியாரின் முகம் போன போக்கைச் சொல்ல வேண்டாம். வீடு வரைக்கும் அந்தப் பொட்டலத்தை நான்தான் கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு நடந்தேன்.

"கக்கூஸ்ல கொட்டறத என் எவர்சில்வர்ல கலப்பியா? அதுக்கப்பறம் அதுல பெருமாளுக்குத் தளிகை பண்ண முடியுமோ?" என்று வாசல்படி ஏறும்போதே ஆரம்பித்தார். வீட்டில் இருந்த ஒரே பிளாஸ்டிக் வாளியும் விளிம்பில் விரிசல் விட்டிருந்தது. கடைசியில் கொல்லைப்புறம் கையைக் காட்டினார். "அந்தக் குண்டான்ல பண்ணிக்கோ. அது எப்படியும் தீட்டு."

அந்த அலுமினியக் குண்டானைப் பற்றிச் சொல்ல எனக்கு இன்றும் வாய் கூசுகிறது. மாதத்தில் மூன்று நாள் விலக்காகிப் பின்கட்டில் உட்காரும்போது எனக்கும் கொழுந்தனாரின் மனைவியான என் ஓரகத்திக்கும் சோறு அதில்தான் வரும். மாமியார் எட்ட நின்று, தள்ளிவிடாத குறையாக வைத்துவிட்டுப் போவார். மற்ற நாளில் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் கவிழ்ந்து கிடக்கும், நிமிர்த்தினால் அடியில் மரவட்டை ஓடும். அதில் சாப்பிட்ட வாய் என்பதால் சொல்கிறேன், மடி என்ற சொல்லைவிட அழுக்கான சொல் எனக்குத் தெரியாது.

அலுமினியம் கூடாது என்று நான் அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொன்னால், பின்னே எதில் என்று கேட்பார்கள். என் கல்யாணச் சீரில் வந்த பெரிய எவர்சில்வர் அடுக்கு பரணில் இருந்தது. பெயர் வெட்டியது, ஒரு நாள்கூட அடுப்பேறாதது. அதைச் சோப்புக்குத் தாரைவார்க்க எனக்கு மனம் வரவில்லை. வாயை மூடிக்கொண்டேன்.

என் ஓரகத்தி அந்த வீட்டுக்கு வந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. பயிற்சிக்கு வராதவள், ஆனால் எதையும் தன் கையால் செய்து பார்க்க ஆசைப்படுகிறவள். "நான் கிண்டறேன் அக்கா" என்று ஒரு பழைய மத்தை எடுத்துக்கொண்டு கொல்லையில் உட்கார்ந்தாள். தண்ணீரை முதலில் ஊற்றச் சொன்னேன். சோடாவைக் கரண்டியால் கொஞ்சம் கொஞ்சமாகப் போடச் சொன்னேன். அந்த மட்டில் என் புத்திசாலித்தனத்துக்குக் குறைச்சலில்லை.

இரண்டாவது கரண்டிக்கே குண்டான் சீறியது. தண்ணீர் சாம்பல் நிறமாகி, பிறகு கறுத்து, சாக்கடை வாரிய சேறுபோல நுரைத்துக்கொண்டு விளிம்புக்கு ஏறியது. அதிலிருந்து கிளம்பிய ஆவி தொண்டையை அறுத்தது.

"அக்கா, ஏன் இப்படிக் கறுத்துண்டு வரது?" என்று அவள் குனிந்தாள். குபீரென்று பொங்கி அவள் கன்னத்திலும் இடது கண்ணிலும் தெறித்தது.

குழாயில் தண்ணீர் வரும் நேரம் இல்லை. வீட்டுப் பெருமாளின் பூஜைக்காக மாமியார் மடியாகக் கிணற்றில் இழுத்து வைத்திருந்த தவலை கொல்லைக் கதவருகே இருந்தது. அவள் தலையைப் பிடித்து நிமிர்த்தி, அந்தத் தண்ணீரைச் செம்பால் மொண்டு மொண்டு கண்ணில் ஊற்றினேன். "மடி ஜலம்டீ! தொட்டுட்டியேடீ!" என்று மாமியார் அலறினார். தவலை காலியானதும் கிணற்றில் இழுத்து ஊற்றினேன். அவள் கதறக் கதறக் கால் மணி நேரத்துக்குக் குறையாமல் ஊற்றினேன். ரிக்‌ஷாவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குப் புறப்படும்போது திரும்பிப் பார்த்தேன். மாமியார் புளி போட்டுத் தவலையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். கண் எப்படி இருக்கிறது என்று ஒரு வார்த்தை இல்லை. அந்த முதுகில் காறித் துப்பலாம்போல் வந்தது எனக்கு.

கண் தப்பியது. பார்வை முழுசாகத் தப்பவில்லை. இடது பக்கம் எப்போதும் மார்கழி விடியற்காலைபோல் மங்கலாகத் தெரிகிறது என்பாள். ஊசியில் நூல் கோக்கத் தலையைச் சாய்த்துக்கொள்வாள். அலுமினியத்தில் கலந்ததால்தான் பொங்கியது என்று டாக்டர் சொல்லியிருந்தார். கட்டுப் பிரித்த அன்று என்னிடம் கேட்டாள். "பாத்திரத்தப் பத்தி அந்த டீச்சர் ஒண்ணுமே சொல்லலியா அக்கா?"

"சொல்லலை" என்றேன்.

மாமியார் மேல் பழியைப் போட்டு உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால், நீங்கள் ஏன் தடுக்கவில்லை என்று கேட்பாள், பரணில் இருக்கும் அடுக்கு நினைவுக்கு வரும். உப்பைத் தின்றவள் நான், தண்ணீர் குடித்தவள் அவள். அன்றிலிருந்து அந்த டீச்சரைத் திட்டாமல் அவளுக்குப் பொழுது போகாது. அவள் திட்டத் திட்ட நானும் ஆமாம் போட்டேன். மாமியாரைப் பார்த்து முகம் சுளிக்க எனக்கு என்ன யோக்கியதை என்று அப்போதெல்லாம் தோன்றும், ஆனாலும் சுளித்துக்கொண்டுதான் இருந்தேன்.

சில வருஷம் கழித்து நாங்கள் இருவரும் பெரிய காஞ்சிபுரத்திலிருந்து ஷேர் ஆட்டோவில் திரும்பிக்கொண்டிருந்தோம். வழியில் கை காட்டி ஏறியவர் அந்த டீச்சர் அம்மாள். எதிர்ச் சீட்டு, முட்டியோடு முட்டி. என்னை அடையாளம் கண்டு சிரித்தார்.

"சோப்புலாம் செய்றீங்களாம்மா?"

என் ஓரகத்திக்கு யாரென்று புரிந்துவிட்டது. "நீங்கதானா அது? அலுமினியம் கூடாதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என் கண்ணு இப்படி ஆயிருக்காது. தெரியாத வேலைய எதுக்குச் சொல்லிக்குடுக்க வரேள்?"

அந்த அம்மாள் கோபப்படவில்லை. அவள் கண்ணைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "மொத நாளே சொன்னேனேம்மா. நீங்க எழுதிக்கினு இருந்தீங்களே."

ஆட்டோவில் இருந்த அத்தனை பேரும் என்னையே பார்த்தார்கள்.

"நீங்க சொன்ன மாதிரி எனக்கு ஞாபகம் இல்லை" என்றேன். என் குரல் எனக்கே அருவருப்பாக இருந்தது, ஆனால் தடுமாறாமல் வந்தது.

அந்த அம்மாள் அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கிக்கொண்டார். ஐயம்பேட்டைக்கு இன்னும் வெகு தூரம் இருந்தது. ஆட்டோ கிளம்பியதும் என் ஓரகத்தி என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துத் தட்டிக்கொடுத்தாள்.

"விடுங்கோ அக்கா. எப்படி வாய் கூசாமப் பொய் சொல்றா பாருங்கோ."