மச்சான் பெயரில் வந்தவர்கள்

என் கையெழுத்து கோழி கிளறினது போல இருக்கும். ஐந்தாவதோடு படிப்பை நிறுத்தியவன். எழுத்துப் பிழைகளைப் பொறுத்துக்கொள்ளுங்கள். இதை எழுத உட்காரும்போதெல்லாம் முதலில் நினைவுக்கு வருவது எங்கள் வீட்டு இணைய மோடத்தில் இருந்த ஒரு பச்சை விளக்குதான். கணினி முன்னால் யாருமே இல்லாத மத்தியானத்திலும் அது படபடவென்று துடித்துக்கொண்டிருந்தது.

அந்தக் கணினியைக் கொண்டுவந்து வைத்தவன் என் மனைவியின் தம்பி. சிதம்பரம் அண்ணாமலை நகரில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் வேலை பார்த்தான். அங்கே கழித்த ஒன்றை கடலூருக்கு பஸ்ஸில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்து, அதை ஓட்டுவதற்கு லினக்ஸ் என்று ஒரு மென்பொருளைப் போட்டுக் கொடுத்தான். பரீட்சை ரிசல்ட் பார்த்துச் சொல்வது, விண்ணப்பம் அனுப்புவது என்று என் மனைவி அதில் வீட்டிலிருந்தே வேலை செய்தாள். நான் வாசற்படியில் நின்று பார்ப்பேன். "கடிக்காது மாமா, கிட்ட வாங்க" என்று சிரிப்பான். ஏதாவது கோளாறென்றால் சிதம்பரத்திலிருந்தே இணையம் வழியாக உள்ளே நுழைந்து சரிசெய்ய, தன் பெயரும் பாஸ்வேர்டும் போட்டால் திறக்கிற ஒரு வழியும் வைத்திருந்தான்.

2009இல் அவனுக்குப் பெண் பார்த்தோம். உறவுக்காரர்கள் நிறைந்த கூடத்தில் என் மாமனார், "ஓட்டக் கம்ப்யூட்டர மேய்க்கிறவனுக்கு எவன்டா பொண்ணு குடுப்பான்?" என்றார். மச்சான் என்னைப் பார்த்தான். ஒரு வார்த்தை நான் பேசியிருக்கலாம். கூட்டத்தில் எனக்கு நாக்கு எழாது. டம்ளரில் இல்லாத காப்பியைக் குடித்துக்கொண்டிருந்தேன். அன்று சிதம்பரம் பஸ் ஏறியவன் அறைக்குப் போய்ச் சேரவில்லை. போலீசில் எழுதிக் கொடுத்தோம். தெரிந்த ஊரெல்லாம் தேடினோம்.

விளக்கு துடிக்க ஆரம்பித்தது அதற்கு அடுத்த வருஷம். மச்சானோடு வேலை பார்த்த நண்பரை வரவழைத்தேன். வெளியிலிருந்து யார் யார் உள்ளே வரப் பார்த்தார்கள் என்பதை லினக்ஸ் தானாகவே பெயரும் நேரமும் போட்டு எழுதி வைக்குமாம். அவர் அதைத் திறந்ததும் திரை முழுக்க ஆங்கிலத்தில் வரிகள் ஓடின. பக்கத்தில் நின்ற என் மனைவி திடீரென்று, "நிறுத்துங்க, நிறுத்துங்க. தம்பி பேருங்க!" என்று திரையில் விரலை வைத்தாள். அன்று காலை நேரம் போட்டிருந்தது.

நண்பர் மேலேயும் கீழேயும் தள்ளிக் காட்டினார். இரண்டு நொடிக்கு ஒன்றாக நூற்றுக்கணக்கான பெயர்கள். நம்மூர்ப் பெயர்கள், எந்த ஊரென்றே தெரியாத பெயர்கள். "ஆளு இல்லக்கா, மெஷினு. வெளிநாட்டுலேர்ந்து பேரு பேரா வெச்சுத் தட்டிப் பாக்குது. எது தொறக்குதோ அதுல பூந்துடும்."

அவள் பட்டியலையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இவுங்க எல்லாருமே காணாமப் போனவங்களா?"

அவர் என் பக்கம் திரும்பினார். "மாமா, அவன் பாஸ்வேர்டு அக்கா பேருதான். என்கிட்டயே சொல்லியிருக்கான். இன்னைக்கோ நாளைக்கோ கண்டுபுடிச்சிடும். உங்க லைன்லேர்ந்து எவனாவது திருட்டு வேலை பண்ணா போலீசு உங்களத்தான் கேக்கும். மாத்திடட்டுமா?"

"வேணாம்" என்றாள் அவள். "ஒருநாள் அவனும் தட்டுனா?"

இருவரும் என்னைப் பார்த்தார்கள். இந்த முறையும் என் வாயிலிருந்து சொல் வரவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன், மாற்றச் சொல்லி.

நண்பர் மாற்றிவிட்டுப் புதியதை ஒரு துண்டுத் தாளில் எழுதி அவளிடம் நீட்டினார். அவள் அதை எழுத்தெழுத்தாகப் படித்தாள். அழவில்லை, கோபப்படவும் இல்லை. விலாசம் விசாரிப்பது போல என்னிடம் கேட்டாள்:

"இத அவனுக்கு எப்படிங்க சொல்றது?"

எழுதி முடித்தது: 2012, மாசி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை.